பெரியம்மாவின் ஆட்டம்

"என்னல இது, பேய்ப்படமா கார்ட்டூனா?" 'ஹவுஸ்' என்ற ஜப்பானியப் படத்தைப் பார்த்து முடித்ததும் கீழவைப்பார் இளைஞர் ஒருவர் கேட்ட கேள்வி இது. கேட்டதில் நியாயம் இருக்கிறது. கிணற்றில் குளிரப் போட்ட தர்பூசணியை இழுத்தால் தோழியின் தலை வருகிறது. பியானோ, வாசிக்கிற பெண்ணின் விரலில் ஆரம்பித்து ஆளையே தின்கிறது. விறகுக்கட்டைகள் பறந்து வந்து தாக்க, குங்ஃபூ என்று பட்டப்பெயர் கொண்ட பெண் எம்பி எம்பி உதைக்கிறாள்.

1977-இல் இந்தப் படம் வந்தபோது ஜப்பானிலும் இதே சண்டைதான். விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். இளைஞர்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள். 'ஜாஸ்' மாதிரி ஒன்று வேண்டும் என்று டோஹோ நிறுவனம் கேட்க, விளம்பரப்பட இயக்குநரான நோபுஹிகோ ஒபயாஷி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தன் மகள் சிகுமியின் பயங்களைக் கேட்டுக் கதையாக்கினார். தந்திரக் காட்சிகள் குழந்தை கைவேலை போல இருப்பது அவர் வேண்டுமென்றே செய்தது.

அந்தத் தந்திரங்களை மட்டும் பேசிவிட்டுப் போகிறவர்கள் யோகோ மினாமிடாவின் நடிப்பைக் கோட்டை விடுகிறார்கள். கதாநாயகியின் பெரியம்மா அவர். சக்கர நாற்காலியில், வெளுத்த தலையோடு, விடுமுறைக்கு வந்த ஏழு பெண்களையும் வாய் நிறைய வரவேற்கிறார். ஒருத்தி காணாமல் போனதும் எழுந்து நடக்கிறார். அடுத்தடுத்து முகத்தில் பொலிவு கூடுகிறது. உறுமல் இல்லை, குரல் உயரவே இல்லை. ஓரிடத்தில் வாயை லேசாகத் திறக்கிறார். உள்ளே ஒரு கண் உருள்கிறது. அப்போதும் அந்த உபசாரச் சிரிப்பு மாறுவதில்லை. பெண்களில் பெரும்பாலோர் புதுமுகங்கள். ஆட்டத்தைத் தாங்கிப் பிடிப்பவர் இவர்தான். அந்தப் பெண்களின் பள்ளி ஆசிரியராக வரும் டோகோவின் நகைச்சுவைப் பகுதி சுத்தமாக எடுபடவில்லை.

போருக்குப் போன காதலன் திரும்பவில்லை. அவனுக்காகவே காத்திருந்து செத்தவள் பெரியம்மா. அந்தக் கதை மௌனப்படம் போல ஓடுகிறது. அணுகுண்டுப் புகை எழும்போது, பஞ்சு மிட்டாய் மாதிரி இருக்கிறதே என்கிறாள் ஒரு பெண். ஒபயாஷி ஹிரோஷிமா மாவட்டத்துத் துறைமுக ஊரான ஓனோமிச்சியில் பிறந்தவர். குண்டு விழுந்தபோது வயது 7. போரை அறியாத பிள்ளைகள் மேல் அவருக்கு இருந்த வருத்தமும் பாசமும் அந்த ஒரு வரியில் சேர்ந்தே வருகின்றன.

'காஞ்சனா' (2011) போன்ற நம் படங்களில் பேய்க்கு ஒரு நியாயம் உண்டு. கெடுத்தவனைப் பழிவாங்கியதும் நாம் நிம்மதியாக எழுந்து போகலாம். இந்தப் பெரியம்மா ஒரு தப்பும் செய்யாத பிள்ளைகளைத் தின்கிறாள். அவர்களுக்கு இனிமேல்தான் கல்யாணம், வாழ்க்கை எல்லாம். அவளுக்கு அது கிடைக்கவே இல்லை. பழிவாங்க ஆள் இல்லாத துக்கம் இது.

சங்கு குளிக்கவும் மீன்பிடிக்கவும் ஆண்கள் கடலுக்குள் போகிற கீழவைப்பாரில் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கூட இருந்து பார்த்த பாட்டி ஒருவர் பியானோவுக்குச் சிரித்தார். பெரியம்மா வந்தபோதெல்லாம் சிரிக்கவில்லை. "அவ இன்னும் காத்துக்கெடக்காள்லா, அதாம்யா பயமாருக்கு" என்றார். இந்தப் படத்தைப் பற்றி நான் கேட்டதிலேயே சரியான விமர்சனம் அது.

படம் 88 நிமிடம்தான். முதல் தடவை சிரித்து முடித்தவர்கள், இன்னொரு தடவை மினாமிடாவை மட்டும் கவனித்துப் பாருங்கள்.