ஒரே ஓட்டத்தில் இரண்டு மருந்து

கலவையிலுள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் கருவி வரைந்து தரும் ஒரு நல்ல குரோமட்டோகிராமைக் கையில் எடுத்தால் என் கண் முகடுகளின் உயரத்தைத் தேடாது. இரண்டு முகடுகளுக்கும் நடுவே கோடு தரைவரை இறங்கியிருக்கிறதா என்றுதான் பார்க்கும். எங்கள் கண்டியின் ஹந்தானை மலைபோல முகடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றால், எது எவ்வளவு என்று யாராலும் துணிந்து சொல்ல முடியாது.

இப்படிப் பிரித்து அளக்கும் கலையின் நயத்தை முழுதாகக் காட்டும் மருந்து வைக்சியோஸ். தீவிர மைலோயிட் இரத்தப் புற்றுநோயின் சில வகைகளுக்கு அமெரிக்கா 2017இல் அதை அனுமதித்தது. ஒரு குப்பியில் 44 மில்லிகிராம் டவுனோரூபிசின், 100 மில்லிகிராம் சைட்டராபின். இரண்டும் சுமார் 100 நனோமீற்றர் அகலமான கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைபட்டிருக்கின்றன. மூலக்கூறுக் கணக்கில் ஐந்து சைட்டராபினுக்கு ஒரு டவுனோரூபிசின். அந்த 5:1தான் மருந்தின் உயிர். தனித்தனியே ஏற்றினால் உடல் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வேகத்தில் கழித்துவிடும்; குமிழி அந்த விகிதத்தைக் கட்டிக் காக்கிறது.

அளக்கப் போனால் இரண்டும் எதிரெதிர்ச் சுபாவம். சைட்டராபின், பிரிக்கும் குழாயான கொலத்தில் நிற்காது, தண்ணீரோடு ஓடிவந்துவிடும். டவுனோரூபிசினோ ஒட்டிக்கொண்டு அசையாது. ஆகவே ஏறக்குறைய முழுவதும் நீர்க்கரைசலோடு தொடங்கி, சைட்டராபினைக் கொஞ்சமாவது தாமதிக்க வைத்து, பிறகு அசெற்றோநைத்திரைலைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். எப்போது கூட்டுவது, எவ்வளவு வேகமாகக் கூட்டுவது என்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. டவுனோரூபிசினின் அமீன் பகுதி சிலிக்காவோடு இழுபட்டு முகட்டுக்கு வால் முளைக்கும். கரைப்பானை அமிலமாக்கினால் வால் சுருங்கி முகடு ஒடுங்கி நிமிரும். அந்த மாற்றத்தைத் திரையில் பார்ப்பது எனக்கு அலுக்காத இன்பம். ஒளியிலும் கவனம் வேண்டும். செந்நிறமான டவுனோரூபிசினுக்கு 480 நனோமீற்றர் அலைநீளம் பொருத்தம். அங்கே சைட்டராபின் இருப்பதே தெரியாது. அதற்கு 280ஐ அண்டி வரவேண்டும்.

குப்பியில் இருக்கும் தூள் ஊதா நிறம். டவுனோரூபிசின் செம்போடு பிணைந்திருப்பதால் வந்த நிறம் அது. குமிழியை உடைத்து அமிலத்தில் கரைத்தால் பிணைப்பு விடுபட்டு, பழைய செம்மஞ்சள் திரும்பும். ஆனால் அவசரப்படக் கூடாது. வெளியே கசிந்து கிடக்கும் மருந்தை முதலில் பிரித்தெடுத்த பிறகே குமிழியை உடைக்கலாம். உடைத்துவிட்டால் உள்ளே இருந்தது எது, வெளியே இருந்தது எது என்று எந்தக் கருவியும் சொல்லாது. மருந்தே இல்லாத வெறும் குமிழியையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். கொழுப்பால் வரும் முகடு எதுவும் நம் முகட்டின் இடத்தில் வந்து உட்காரவில்லை என்று உறுதிசெய்யத்தான் இது.

இந்த அளவீட்டின் தேவை ஆய்வுகூடத்தோடு நிற்பதில்லை. பேராதனை மருத்துவ பீடத்தில் பணியாற்றிய பேராசிரியர் சேனக்க பிபிலே, 1971இல் அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரானார். வணிகப் பெயரை விட்டுப் பொதுப்பெயரில் மருந்து வாங்கும் வழியை இலங்கைக்குக் காட்டியவர் அவர். அந்த வழி ஆய்வுகூடத்தின் அளவீட்டை நம்பித்தான் நிற்கிறது. இப்படியொரு இரட்டை மருந்தின் மலிவான நகல் நாளை கண்டி வைத்தியசாலைக்கு வந்தால், குப்பியில் மொத்தம் 44உம் 100உம் சரியாக இருப்பது போதாது. குமிழிக்கு உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று இரண்டுக்கும் தனித்தனியே கேட்க வேண்டும். சைட்டராபின் மட்டும் கசிந்திருந்தால், மொத்தம் சரியாக இருந்தும் 5:1 போய்விட்டது.