மரமும் செங்கல்லும் கூடிய மச்சு

மரச்சட்டங்களின் இடைவெளியில் செங்கல்லை நிரப்பிச் சுவரெழுப்பிய ஐரோப்பியப் புராதன வீடுகளைச் சித்திரத்தில் காணும்போதெல்லாம், அதே மரமும் செங்கல்லும் நம் திண்டுக்கல்லின் பழைய வீடுகளில் சுவரை விட்டு மேலேறி மச்சாக அமர்ந்துவிட்ட விசித்திரத்தை எண்ணி நான் வியப்பதுண்டு.

1792-இல் திப்புவிடமிருந்து கும்பினியார் வசமான இவ்வூரின் மலைக்கோட்டை, காண்போர் கவனத்தையெல்லாம் கவர்ந்துகொள்வதால், கீழே தெருவில் நிற்கும் இவ்வீடுகளை ஏறிட்டுப் பார்ப்பாரில்லை. திண்ணையைத் தாண்டிக் கூடத்தில் மல்லாந்து படுத்தாலன்றி இவற்றின் சௌந்தர்யம் புலப்படாது. கரிய தேக்குக் கட்டைகள் சாண் சாணாக ஓட, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்வரிசையாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, ஸ்திரீகள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்கிய தளம் அது. அந்தத் தாளத்துக்குப் பாட்டும் உண்டு.

சுவருக்குள் புதைந்த கட்டை நுனியில் ஈரம் தங்கினால் உளுத்துப்போகும் என்பது மெய்தான். ஆயினும் சித்திரை வெயிலில் கான்கிரீட்டுக்கடியில் வெந்தவன் அந்தக் குறையைப் பெரிதாக்கமாட்டான். இத்தகைய வீடொன்றின் கதவில் இன்றும் ஒரு மாங்காய்ப் பூட்டு தொங்குகிறது, உள்ளூர்ப் பட்டறையில் கையால் செய்தது; சாவி என் சாண் நீளம்.