துளை விழுந்த சிப்பி

தூத்துக்குடிக் கடற்கரையில் பொறுக்கி வந்த வெற்றுச் சிப்பிகளை முறத்தில் கொட்டும்போது எழும் கலகலப்பே அலாதி. அந்த ஓசைக்கே பிள்ளைகள் வட்டமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பாடமெல்லாம் அப்புறம், முதலில் தடவிப் பார்க்க விட வேண்டும். முத்துச்சிப்பியின் வெளிப்புறம் சொரசொரவென்று விரலை உரசும். திருப்பினால் உள்ளே வழவழப்பு. சற்றே சாய்த்தால் இளஞ்சிவப்பும் பச்சையுமாக ஒளி நழுவும். அங்கே மங்கலாகத் தெரியும் தழும்பு, உயிரோடு இருந்தபோது இரண்டு ஓடுகளையும் இறுக்கி மூடிய தசை பற்றியிருந்த இடம். மட்டியின் முதுகை ஈரக் களிமண்ணில் அழுத்தி எடுத்தால், அது கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த கோடுகள் அத்தனையும் அச்சாக விழும். ஓயாத வாய்கள்கூட அந்த நேரம் மூடிக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்தது மாலை கோப்பதுதான். சில சிப்பிகளில் யாரோ அளந்து துளைத்ததுபோல் சின்ன வட்டத் துளை இருக்கும். இரை தேடி வந்த கடல் நத்தை ஒன்றின் வேலை அது. அரம் போன்ற நாக்கால் பொறுமையாக ராவி ராவித் துளையிட்டு, உள்ளிருந்த சதையைத் தின்றிருக்கிறது. எத்தனை நேர்த்தி! இதைச் சொன்னதும் நூலைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையும் தன் சிப்பியைக் கண்ணருகே பிடித்து அந்தத் துளை வழியே வெளிச்சத்தைப் பார்க்கும். பிறகுதான் நூல் நுழையும், முன்னைவிட மெதுவாக.