அயோனிக் தூண்களும் பிரசாவுரிமையும்

கொழும்பு காலிமுகத்தில் கடலை நோக்கி நிற்கும் பழைய பாராளுமன்றக் கட்டடத்தை வியந்துரைப்போர், அதன் அயோனிக் தூண்களைக் கண்டதும் கிரேக்க மக்களாட்சியை நினைவுகூர்தல் வழக்கம். 1930ஆம் ஆண்டு சட்டநிரூபண சபைக்காகத் திறக்கப்பட்ட அக்கட்டடத்திற்கு அவ்வொப்புமை பொருந்துவதே. எனினும், அவர்கள் கருதும் பொருளில் அன்று.

கிரேக்கத் தூண்கள் மூவகைப்படும். பீடமின்றித் தளத்திலிருந்தே எழுவது டொரிக். சுருள்முடி தாங்கியது அயோனிக். இலைக்கொத்து முடியுடையது கொறிந்தியன். டொரிக்கை ஆணின் உடலளவோடும் அயோனிக்கைப் பெண்ணின் உடலளவோடும் ஒப்பிட்டவர் உரோமரான விற்றுவியஸ். அவர் நூல்வழி மறுமலர்ச்சிக்கால இத்தாலிக்கும், பின்னர் ஐரோப்பியரின் குடியேற்ற நாடுகளுக்கும் இவ்வளவுகள் சென்றன. தூண்களைச் செதுக்கியோரின் வரலாறு அவற்றுடன் செல்லவில்லை.

அயோனிக் பாணியின் தலைசிறந்த சான்று ஏதென்ஸின் எரெக்தியன் கோயிலாகும். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் நடைபெற்ற அதன் வேலைக்கணக்குகள் கல்வெட்டுகளாக எஞ்சியுள்ளன. சமூகநிலை தெரியவரும் தொழிலாளர் 86 பேருள் குடியுரிமை உடையோர் 24 பேரே. ஊரில் வாழ்ந்த பிறநாட்டார் 42 பேர். அடிமைகள் 20 பேர். தூணில் நெடுவரிப் பள்ளங்களைச் செதுக்கிய மூவகையினருக்கும் நாட்கூலி ஒன்றே, ஒரு திராக்மா. சபையில் அமரும் உரிமையோ முதல் வகையினருக்கு மட்டுமே உரியது. தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ் குடிகளாயிருந்தாலன்றி மகன் குடியாகான் எனப் பெரிக்கிளீஸ் சட்டமியற்றியது கி.மு. 451இல், புகழ்பெற்ற பார்த்தினன் கோயிலின் வேலை தொடங்கியது அதற்கு நான்காண்டுகளின் பின்னரே.

காலிமுகத் தூண்களின் பின்னே, 1948இல், பிரதிநிதிகள் சபை பிரசாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியபோது ஏதென்ஸின் இம்மறுபக்கமும் இலங்கை வந்து சேர்ந்தது எனலாம். இந்நாட்டிற் பிறந்திருத்தல் போதாது. தந்தையோ, அன்றேல் பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்தமையை நிறுவவேண்டும். வட்டவளையின் ஓயாத மழையில் கொழுந்து பறித்தவர்களுள், லயக் காம்பராவிற் பிறந்த தந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் காட்ட எத்தனை பேரால் இயலும்? தேயிலையே நாட்டின் ஏற்றுமதி வருவாயில் முதலிடம் பெற்றிருந்த காலம் அது. முந்திய ஆண்டிலேதான் மலையகம் ஏழு உறுப்பினரைத் தெரிந்து அச்சபைக்கு அனுப்பியிருந்தது. 1949ஆம் ஆண்டுத் திருத்தம் அம்மக்களின் வாக்குரிமையையும் நீக்கிற்று.

தூண்களின் அழகை இது குறைக்காது. அவற்றின் பொருளை 'மக்களாட்சி' என்னும் ஒரு சொல்லில் முடித்துவிடும் திறனாய்வே குறையுடையது.

பாராளுமன்றம் 1982இல் கோட்டேக்கு இடம்பெயர்ந்தது. எஞ்சியிருந்த மலையகத் தமிழருக்குப் பிரசாவுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டம், அங்கே ஜெப்ரி பாவா வரைந்த செப்புக் கூரைகளின் கீழேயே நிறைவேறியது.