மாசாத்துவான் சொத்து: ஒரு வியாபாரியின் வாசிப்பு

சிலப்பதிகாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்ட சேதி எதுவும் இல்லை என்பார்கள் அறிஞர்கள். அடியேன் அறிஞன் அல்ல. வந்தவாசிப் பக்கத்து சமணக் குடும்பத்தில் பிறந்து, 1981-இல் மும்பைக்கு வந்து பாத்திரக் கடை வைத்தவன். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து காப்பியம் படித்தவனுக்கு வேறொரு கேள்விதான் முதலில் தோன்றியது. புகாரின் பெருவணிகன் மாசாத்துவானின் சொத்து கடைசியில் யாருக்குப் போயிற்று?

கேள்வி அற்பமாகத் தெரியலாம். ஆனால் கதை தொடங்குவதே பாகப்பிரிவினை போன்ற ஒரு காரியத்தில்தான். மணமான பின் கோவலனையும் கண்ணகியையும், வேண்டிய செல்வம் கொடுத்துத் தனிக்குடித்தனம் வைக்கிறாள் கோவலனின் தாய். அந்தச் செல்வத்தைத்தான் அவன் மாதவி வீட்டில் தொலைக்கிறான். திரும்பி வந்தவன் கண்ணகியிடம், குலம் தந்த மலை போன்ற பொருளைத் தொலைத்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது என்கிறான். குலம் தந்தது என்ற சொல்லை உரைகாரர்கள் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். நான் அங்கே நின்றுவிட்டேன். தொலைந்தது அவன் சம்பாதித்த பணமாக இருந்திருந்தால் இவ்வளவு வெட்கம் வராது. நஷ்டம் வேறு, மூதாதையர் முதலை அழித்தல் வேறு. இது எந்த வியாபாரிக்கும் தெரியும்.

அப்பா வீட்டில் பணம் இல்லையா? இருந்தது. கோவலன் இறந்த சேதி கேட்டு மாசாத்துவான் தன் செல்வம் முழுவதையும் தானம் செய்துவிட்டு பௌத்த விகாரத்தில் சேர்ந்து துறவியானதை, பின்னால் மாடலன் செங்குட்டுவனிடம் சொல்கிறான். அப்படியானால் மகன் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்கவில்லை. பங்கு பிரித்து வாங்கிப் போனவன் மறுபடி கை நீட்டக்கூடாது என்ற மானம்தான் அவனை மதுரைக்கு நடக்க வைத்தது. ஊழ் ஊழ் என்றே பேசிப் பழகிய நாம் இந்த மானத்துக்கு உரிய இடம் தரவில்லை என்பது என் குறை.

இனி மணிமேகலைக்கு வருகிறேன். பேத்தி மணிமேகலை வஞ்சியில் தாத்தாவைச் சந்திக்கிறாள். அப்போது அவர், தமக்கு ஒன்பது தலைமுறைக்கு முந்திய, கோவலன் என்றே பெயர் கொண்ட ஒரு மூதாதையைப் பற்றிச் சொல்கிறார். சேர மன்னனின் நண்பனான அந்த முன்னோன் அறம் கேட்டு மனம் மாறி, முன்னோர் வழியில் வந்ததை விட்டுவிட்டு, தான் உழைத்து ஈட்டிய பல கோடியை மட்டும் ஏழே நாளில் இரப்போர்க்குக் கொடுத்தானாம்.

இந்த இடத்தைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டேன். பிதிரார்ஜிதம், சுயார்ஜிதம் என்று நம் வக்கீல்கள் பிரிக்கிற கோடு அப்படியே அங்கே இருக்கிறது. விஞ்ஞானேசுவரரின் மிதாட்சரம் பிற்காலத்து நூல். அதைச் சாத்தனார் படித்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சம்பாதித்ததைக் கொடுக்கலாம், வந்ததைக் கொடுக்கக்கூடாது என்ற நெறி தமிழ் வணிகர் வீட்டில் வழங்கியதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

உடனே ஒரு மறுப்பு வரும். முன்னோன் பாதி கொடுத்தான், மாசாத்துவான் எல்லாவற்றையும் கொடுத்தானே, நெறி எங்கே? முரண் இல்லை. முன்னோனுக்குப் பின்னால் குடும்பம் தொடர்ந்தது, மாசாத்துவானுக்கு மகன் இல்லை. பழைய முறைப்படி பங்காளி யாரும் இல்லாமல் தனியே எஞ்சியவன் முழுச் சொத்தையும் தன் இஷ்டப்படி செய்யலாம். இரண்டு காப்பியமும் இதில் ஒத்துப்போகின்றன.

ஒத்துப்போகாத இடமும் உண்டு. பேத்தி ஒருத்தி இருக்கிறாளே! அவளுக்குப் பங்கு உண்டா இல்லையா என்று இரண்டு நூலும் பேசவில்லை. துறவு என்னும் திரையைப் போட்டு அந்தக் கேள்வியை மூடிவிட்டார்கள். தாத்தா அவளுக்குக் கொடுத்தது ஒரு யோசனை மட்டும்: காஞ்சியில் பஞ்சம், உன் பாத்திரத்தோடு அங்கே போ. அழகான காட்சிதான். ஆனால் பெண்ணுக்கு அறிவுரை, ஆணுக்குச் சொத்து என்பது நம் வீடுகளிலும் இன்றுவரை நடக்கிற கதை. இளங்கோவடிகளை எங்களவர் என்று பெருமை பேசுகிற சமணன் நான். என்றாலும் இதைக் குறையாகவே எழுதுகிறேன்.

இவ்வளவு அக்கறை எனக்கு ஏன் என்று கேட்பீர்கள். 1998-இல் அப்பா உயில் எழுதாமல் காலமானார். ஊரில் ஆறு ஏக்கர், ஒரு வீடு. மும்பையில் என் கடை. கடை என் சுயார்ஜிதம் என்றேன். அண்ணன் ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, அந்தக் கடைக்கு முதல் எங்கேருந்து வந்துச்சு?" கோர்ட்டில் நான் அதற்குச் சரியான பதில் சொல்லவில்லை. பதினோரு வருஷம் போயிற்று. ராஜி ஆகும்போது இரண்டு பேருக்கும் தலை நரைத்திருந்தது.

உண்மை என்னவென்றால், அந்த முதல் அம்மாவின் காசுமாலை. அடகு வைத்த நகை மீளவே இல்லை. கண்ணகி சிலம்பைக் கொடுத்தாளே, அதே கதை. சிலம்பு அவளுடைய சொத்து. அதை முதலாக வைத்து, இழந்ததை மீட்கிறேன் என்றுதான் கோவலன் புறப்பட்டான். அம்மாவின் நகை வழக்கப்படி என் தங்கைக்குச் சேர வேண்டியது. அண்ணனும் நானும் பதினோரு வருஷம் சண்டை போட்டதில் அவள் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணருக்கும் பொருந்தும். அப்போதே அப்பாவின் பங்கில் மகளுக்கும் உரிமை தந்தது. 2005 திருத்தம் அவளை மகனுக்குச் சமமான பங்காளி ஆக்கியது. பிரிக்காத குடும்பச் சொத்தில் தன் பங்கை ஒருவர் உயிலில் எழுதவும் 1956 முதலே இடம் உண்டு. இரண்டு சாட்சி முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. இதையெல்லாம் சங்கத்து நண்பர்கள் அறிவார்கள். அறிந்தும் எழுதுவதில்லை. உயில் என்றாலே சாவுப் பேச்சு என்று எழுந்து போகிறோம்.

பரிக்கிரக பரிமாணம், அதாவது உடைமைக்கு எல்லை வகுத்தல், எங்கள் இல்லறத்தாருக்கு ஓர் அணுவிரதம். எல்லை வகுக்க வேண்டுமானால் எது யாருடையது என்று முதலில் தெரிய வேண்டுமல்லவா? போன வருஷம் என் உயிலை எழுதினேன். அந்த முன்னோன் பிரித்தது போலவே, வந்தது ஒரு பக்கம், சம்பாதித்தது ஒரு பக்கம் என்று இரண்டு பத்தி போட்டேன். மூன்றாவதாக ஒரு பத்தியும் வேண்டியிருந்தது. அதில் ஒரே ஒரு வரி: காசுமாலையின் இன்றைய மதிப்பு, தங்கைக்கு. அதை உயிலோடு நிறுத்தவில்லை. ஊருக்குப் போய்க் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கிக்கொண்டவள், "இவ்ளோ நாள் கழிச்சா அண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.