பழைய ஏற்பாட்டுக் கடுவிதிகளும் நடுவுநிலை அளவும்

கிறிஸ்தவர் விவிலியத்தின் முற்பகுதியாகிய பழைய ஏற்பாட்டிலே, மோசேயின் வாயிலாக இஸ்ரவேலர்க்கு விதிக்கப்பட்டனவாகக் கூறப்படுவனவற்றுட் சில மிகக் கடியன. பெற்றோர்க்கு அடங்காத மகனை ஊரார் கல்லெறிந்து கொல்லுதல் வேண்டுமென உபாகமம் விதிக்கின்றது. ஓய்வுநாளில் விறகு பொறுக்கினான் ஒருவன் அவ்வாறே கொல்லப்பட்டானென எண்ணாகமம் கூறுகின்றது. கானான் நாட்டு நகரங்களிற் சிலவற்றில் உயிருள்ள எதனையும் எஞ்சவிடலாகாது என்னும் ஆணையும் ஆண்டு உளது. கடவுளை அன்புருவாகக் கொள்ளும் சமயத்தார் இவற்றிற்குக் கூறும் அமைதி யாது? அஃது எத்துணைத் தூரம் பொருந்தும்?

இவ்வினா தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. இரேனியுஸ் 1820-இற் பாளையங்கோட்டைக்கு வந்தபின், தென்காசியும் குற்றாலமும் உள்ளிட்ட திருநெல்வேலிச் சீமையிலே பாதிரிமாரின் பிரசாரம் பெருகிற்று. யாழ்ப்பாணத்திலும் அவ்வாறே. சைவக் கிரியைகளும் புராண சரிதங்களும் சொற்கிடந்தவாறே எடுக்கப்பட்டு இகழப்பட்டன. பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்து அந்நூலை நன்கறிந்த ஆறுமுக நாவலர், 1854-இற் சைவதூஷண பரிகாரம் வெளியிட்டு, இகழப்பட்ட கிரியைகளுக்கு ஒப்பானவை இகழ்வோர் நூலிலேயே விதிக்கப்பட்டிருத்தலைக் காட்டினார். மோசேயின் நூல்களுக்கு ஆதியாகமம், லேவியராகமம் என்றாங்கு ஆகமப் பெயரே தமிழில் வழங்குதலும் ஈண்டுக் கருதத்தக்கது.

நாவலர் மறுப்பு வலியது. எனினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. எதிரியின் அளவுகோல் இரண்டென்பதை அது நிறுவும். அளக்கப்பட்ட விதியின் பொருள் யாதென்பதை அது நிறுவாது. அதற்குக் கிறிஸ்தவ ஆசிரியர் கூறிய விடைகளையே நோக்குதல் வேண்டும்.

2-ஆம் நூற்றாண்டினராகிய மார்சியோன், கடுவிதி தந்த கடவுள் வேறு, இயேசு காட்டிய கடவுள் வேறு என்றார். திருச்சபை அவரை விலக்கிற்று. ஆதலின் பழைய ஏற்பாட்டைக் கைவிட்டுத் தப்பும் வழி கிறிஸ்தவர்க்கு இல்லை. 3-ஆம் நூற்றாண்டினராகிய ஓரிகன், போர்களையும் நகரழிவுகளையும் உள்ளத்துப் பாவங்களை வெல்லுதற்கு உருவகமாகக் கொண்டார். 13-ஆம் நூற்றாண்டினராகிய தாமஸ் அக்குவினாஸ், மோசேயின் விதிகளை ஒழுக்கவிதி, சடங்குவிதி, வழக்குவிதி என மூன்றாக்கி, முதலாவது ஒன்றே எக்காலத்தும் நிற்பதென்றார்.

இப்பாகுபாடு தென்காசியாருக்கு எளிதின் விளங்கும். 15-ஆம் நூற்றாண்டிலே காசிவிசுவநாதர் கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியர் விதித்த வரிகளும் தண்டங்களும் அவ்வரசோடு ஒழிந்தன. அக்கோயிலைப் பிற்காலத்துக் காப்பவர் எவராயினும் அவர் அடிகளைத் தாம் பணிவதாக அவர் கல்லிற் பொறித்த வேண்டுகோளோ இன்றும் படிப்பார் நெஞ்சை அசைக்கின்றது. அரசவிதி காலத்தது, அறம் காலங்கடந்தது.

இன்னொரு விடை, படிமுறை உபதேசம் என்பது. மணமுறிவு பற்றிய விதி மக்களின் நெஞ்சக்கடுமை நோக்கித் தரப்பட்டதென இயேசுவே கூறியதாக மத்தேயு சுவிசேஷம் உரைக்கும். பழம்பொருளாராய்ச்சியும் இதற்கு ஓராற்றான் துணைசெய்கின்றது. 1901-02-இற் சூசா நகரிற் கிடைத்த பாபிலோனிய அரசன் அம்முராபியின் சட்டத்திலே, கட்டிய வீடு விழுந்து வீட்டுக்காரன் மகன் இறப்பிற் கொத்தனின் மகன் கொல்லப்படுவான். உபாகமமோ தந்தை பிழைக்கு மகனைக் கொல்லலாகாது என விலக்குகின்றது. கண்ணுக்குக் கண் என்பதும் பழியின் மிகாதபடி ஒறுப்பை வரையறுத்ததென்பர். யூத ஆசிரியரும் அதனைப் பொருளீடாகக் கொண்டனர். அடங்காத மகன்மீது அவ்விதி ஒருகாலும் செலுத்தப்பட்டதில்லை என்பாரும் அவருள் உளர்.

சைவ சித்தாந்தத்திற்கு இவ்விடை அயலன்று. பக்குவம் நோக்கிச் சரியை முதலாகப் படிப்படியே உயர்த்துதலைச் சோபானமுறை என்பர். தந்தை மகனை ஒறுத்தல் அன்பாதல்போல இறைவன் ஒறுப்பும் கருணையே எனச் சிவஞான சித்தியார் விளக்கும்.

அங்ஙனமாயின் கடுவிதி யாவும் அமைந்தனவோ எனின், அற்றன்று. ஒறுப்பு கருணையாதல் ஒறுக்கப்படுவான் திருந்துதற்பொருட்டு. கானானியர் குழவிகள் திருந்துதற்குரிய குற்றம் யாதும் செய்திலர். பிறர் பக்குவத்தின்பொருட்டு அவரைக் கொல்லுதல் படிமுறையுள் அடங்காது. அவ்வாணையை வழக்குவிதி என ஒதுக்கினும், அதனைக் கடவுள் இட்டார் என்னும் கூற்று அவ்வாறே நிற்கின்றது. ஓரிகனின் உருவகம் இவ்விடரை மறைக்குமன்றித் தீர்க்குமாறில்லை.

இவ்வளவுகோலையே சைவரும் தம் நூன்மேல் வைத்தல் வேண்டும். இறைவனுக்கென வைத்த நெல்லை உண்ட சுற்றத்தாரைக் கோட்புலி நாயனார் வாளால் எறிந்தபொழுது, பால்குடிக்கும் குழவியும் தப்பிற்றில்லை எனப் பெரியபுராணம் கூறும். அஃது ஓர் அடியாரின் செயலேயன்றிப் பிறர்க்கு விதிக்கப்பட்ட விதியன்று, இவ்வேறுபாடு மெய்யே. ஆயினும் அக்குழவியைக் குறித்து எழும் வினா கானானியர் குழவியைக் குறித்து எழும் வினாவின் வேறன்று. தன்னூலுக்கு உட்பொருளும் பிறர் நூலுக்குச் சொற்பொருளும் கொள்ளும் வழக்கம் நாவலர் காலத்துப் பாதிரிமாரிடத்துக் குற்றமாயின், அது சைவரிடத்தும் குற்றமே. இருசாராரும் உட்பொருள் காண்க; உட்பொருளால் ஆறாத குழவியின் துயரத்தை இருசாராரும் ஒளியாது ஒப்புக்கொள்க. சமயவாதம் மெய்யாராய்ச்சியாதல் அதன்பின்னரே என்பது துணிபு.