பைக்குழலும் நாகசுரமும்

மனிதன் தன் வாழ்வின் பெருநாள்களை ஓசையின்றிக் கொண்டாடியதில்லை. மணநாளாயினும், விழா நாளாயினும், மாண்டோரை வழியனுப்பும் நாளாயினும், ஊரறிய முழங்கும் ஓர் இசைக்கருவியை ஒவ்வொரு சமுதாயமும் தனக்கெனத் தேர்ந்து வைத்துள்ளது. தமிழர்க்கு அது நாகசுரம். ஸ்காட்லாந்து மக்களுக்கு அது பேக்பைப் எனப்படும் பைக்குழல். இவ்விரண்டுக்கும் இடமளித்த நகரம் கோலாலம்பூர். இவற்றை ஒப்புநோக்கின், நம் மங்கல இசையின் இன்றைய நிலை தெளிவாகும்.

மலாயா வரலாற்றில் பைக்குழல் படைவீரரின் கருவியாக இடம்பெற்றது. 1942ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள், பிரிட்டிஷ் படைகள் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் பின்வாங்கின. அப்போது ஆர்கைல் சதர்லாந்து ஹைலாண்டர் படைப்பிரிவில் எஞ்சிய குழலிசைஞர் இருவர் வாசித்தவாறே பாலத்தைக் கடந்தனர் என்பது வரலாறு. அத்தகைய அயற்கருவியைப் பிற்காலத்தில் இந்நாட்டுச் சீக்கிய இளைஞர் தமதாக்கிக் கொண்டனர். 1986ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தோன்றிய ஸ்ரீ தஸ்மேஷ் பைக்குழல் இசைக்குழு, பத்தாம் குருவாகிய குரு கோவிந்த் சிங்கைக் குறிக்கும் பெயரைத் தாங்கியது. 2019ஆம் ஆண்டு, பைக்குழலின் தாயகத்திலேயே, கிளாஸ்கோ நகரின் உலகப் போட்டியில் அக்குழு பங்குகொண்டது.

பைக்குழலைத் தமிழர் முற்றிலும் அயலானது என்று ஒதுக்குவதற்கில்லை. பண்ணை இசைக்கும் அதன் குழலில், நம் நாகசுரத்தின் சீவாளியைப் போன்றே, இரட்டை நாணல் பொருத்தப்பட்டுள்ளது. தோளில் சாய்ந்து நிற்கும் மூன்று குழல்களும் இடையறாது சுருதி கூட்டுகின்றன. இது நம் ஒத்தின் பணியேயாகும். ஒத்து ஊதுபவர் கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே ஓசை அறாமல் காப்பார். பைக்குழலில் அப்பணியைக் கைக்கு அடியில் இடுக்கிய பை செய்கிறது. பண்ணிசைக்கும் குழலில் கிடைப்பவை ஒன்பது சுரங்களே. சுருதிச் சுரத்தைச் சட்சமாகக் கொண்டு அவற்றை அடுக்கினால், ஏறத்தாழ அரிகாம்போதியின் ஏழு சுரங்கள் கிட்டும். அரிகாம்போதியே பழந்தமிழரின் செம்பாலை என்பது இசைத்தமிழ் ஆய்வாளர் பலரின் முடிபு.

இனி, கலைநோக்கில் இரண்டையும் எடை போடலாம். பைக்குழலில் வலிவும் மெலிவும் காட்ட இயலாது; பாட்டின் நடுவே ஓசையை நிறுத்தவும் இயலாது. ஒரே சுரத்தை இருமுறை ஒலிக்க வேண்டின், இடையே வேறொரு சுரத்தை மின்னலெனத் தொட்டு மீள வேண்டும். நாகசுரமோ மூச்சாலும் உதட்டாலும் சுரத்தை வளைக்கும், குழைக்கும், அதிரச் செய்யும். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி ஆலாபனையைக் கேட்டோர், நாகசுரத்தின் எல்லை எத்துணை விரிந்தது என்பதை அறிவர். ஆகவே, கருவியின் ஆற்றலில் நாகசுரம் விஞ்சி நிற்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயின், ஆற்றல் மிக்க கருவி தானே வாழ்ந்துவிடும் என்று கொள்வது தவறு.

ஸ்கை தீவின் மாக்ரிம்மன் குடும்பத்தார் போன்ற பரம்பரைக் கலைஞர்கள், சுரங்களுக்குச் சொற்கட்டு அமைத்து வாயால் பாடியே பைக்குழலைக் கற்பித்தனர். தஞ்சை மண்ணின் நாகசுரக் குடும்பங்களிலும் வாய்ப்பாட்டே முதற்பாடமாக இருந்தது. இதுவரை இரு மரபுகளும் ஒத்தே நடந்தன. பின்னர்ப் பைக்குழல் குடும்ப எல்லையைக் கடந்தது. கிளாஸ்கோவில் 1944ஆம் ஆண்டு தோன்றிய பைக்குழல் கல்லூரி, படிமுறைப் பாடநூல் வெளியிட்டு எவரும் பயில வழி செய்தது. தொடக்க மாணவன் பையைத் தொடுவதில்லை. சிறிய பயிற்சிக்குழலில் பல மாதங்கள் விரல் பழக்குகிறான். பின்னரே பை, அதன் பின்னரே சுருதிக் குழல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கப்படுகின்றன. கற்பித்தற்கலை அறிந்தோர்க்கு இதன் அருமை விளங்கும். எளிதிலிருந்து கடினத்திற்கு என்னும் கோட்பாடு அது. எந்நாட்டு இளைஞரும் குழுவாகக் கூடிப் பயில வழிதிறந்தது இம்முறையே.

நம் நிலை யாது? பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலிலும், கிள்ளான் சுந்தரராசப் பெருமாள் கோயிலிலும், பிற ஆலயங்களிலும் விழா என்றால் நாகசுரம் வேண்டும். அதற்கு இந்தியாவிலிருந்து கலைஞரை வரவழைப்பது நெடுநாள் வழக்கம். மணமண்டபங்களிலோ ஒலிப்பதிவு நாகசுரம் பெருகிவிட்டது. மணமேடையின் குறிப்பறிந்து எழ வேண்டிய கெட்டிமேளம், பொத்தான் அழுத்துபவரின் விழிப்பை நம்பி நிற்கிறது. பரதத்துக்கும் வாய்ப்பாட்டுக்கும் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், நாகசுரத்துக்கு அனுப்பத் தயங்குகின்றனர். குறிப்பிட்ட குலத்தாரின் தொழில் அது என்னும் பழைய எண்ணம் இத்தயக்கத்தின் ஒரு வேர். வீட்டில் ஊதிப் பழக இயலாத பேரோசை மற்றொரு வேர். இரண்டாவதற்குப் பைக்குழலார் பயிற்சிக்குழலால் விடை கண்டனர். முதலாவதற்கு விடை நம் மனத்தில்தான் உள்ளது.

இந்நாட்டுத் தமிழிளைஞர்க்கு இசையார்வம் இல்லை என்று கூறுவார் உளர். அக்கூற்றுப் பொருந்தாது. தைப்பூசத்தில் பத்துமலை வழிநெடுக உறுமி மேளம் முழக்கும் இளைஞரைக் கண்டோர் அவ்வாறு சொல்லார். தோழரோடு சேர்ந்து பழகவும், பழகியதை ஊரார்முன் முழக்கவும் வாய்ப்பு இருப்பதால் உறுமி வாழ்கிறது. பைக்குழல் வாழ்வதும் அதனாலேயே. அவ்வாய்ப்பை நாகசுரத்துக்கும் அளித்தல் ஆலயங்களின் கடன். மாலை வகுப்பு ஒன்று, படிமுறைப் பாடம் ஒன்று, ஆண்டுக்கு ஒருநாள் மாணாக்கர் வாசிப்பதற்கென்றே ஒதுக்கிய விழா ஒன்று ஆகிய மூன்றும் போதும், தொடங்குவதற்கு.

செம்பாலையைப் பாடநூலில் படிக்கும் மாணவன், அதனைத் தன் ஊர்க் கோயில் வாயிலில், தன் வகுப்புத் தோழனின் நாகசுரத்திலேயே கேட்க வேண்டும். அன்றுதான் இசைத்தமிழ் அவனுக்குத் தேர்வுக்குரிய பாடம் என்னும் நிலையைக் கடக்கும்.